ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

காசு போட்டால்தான் லிஃப்ட் நகரும்
திபிலிசியின் அந்தப் பழைய அடுக்ககத்தில்.
காசு இருந்தது.
பியானோதான் நுழையவில்லை.

ஆகவே படிக்கட்டு.
மல்காஸ், ஜும்பெர், வாயே திறக்காத ஓத்தியா,
இடது தோள் ஏற்கெனவே நொந்துபோன நான்.
எட்டாம் மாடியில் லமாரா
கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்,
குளிர் முழுவதையும் வீட்டுக்குள் விட்டபடி.

வசவும் பெருமூச்சுமாக ஐந்து மாடி ஏறிவிட்டோம்.
அதற்கு மேல் படி திரும்புகிற இடத்தில்
சுவரிலிருந்து முழங்கை நீட்டியது
யாரோ பிற்பாடு மாட்டிய கேஸ் மீட்டர்.
அங்கே நின்றது.
முன்னால் போகாது, பின்னால் வராது.
யானை போய்விட்டது, வால் மட்டும் சிக்கியது என்பார்களே,
இங்கே வாலையும் சேர்த்து
முழு யானையே சிக்கியிருந்தது.

கதவுகள் திறந்தன. ஆளுக்கொரு யோசனை.
காலை அறுத்துவிடு என்றார் ஒருவர்
(பியானோவின் காலைத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்).
சோப்பு தடவச் சொன்னாள் ஒருத்தி.
கட்டடம் கட்டியவனைத் திட்டினார்கள், அவன் செத்துப்போயிருந்தான்.
மல்காஸ் தள்ளினான். இன்னும் தள்ளினான்.
சுவர் கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான்.

ராத்திரி ஒருவர் காவல் என்று முடிவாயிற்று.
வீட்டில் காத்திருந்தவை
பிரிக்காத மூன்று பேங்க் கடிதங்கள் மட்டுமே
என்பதால் நான் இருக்கிறேன் என்றேன்.

அடியில் குனிந்து குனிந்து போனார்கள் எல்லோரும்.
பீன்ஸ் பானையோடு ஒரு பெண்,
குடித்துவிட்டு, பியானோவிடம் மன்னிப்புக் கேட்ட ஒரு கிழவர்,
போகிற போக்கில் பலகையைத் தட்டி
உள்ளே யார் என்று கேட்ட ஒரு பையன்.
பிறகு யாருமில்லை.
விளக்கு அணையும், கைதட்டினால் எரியும்.

தட்டினேன். எரிந்தது.
வேறு வேலை இல்லாததால் சுவரைப் பார்த்தேன்.
பகல் முழுக்க முதுகால் மட்டுமே
தெரிந்துவைத்திருந்த சுவர்.
பச்சைப் பெயின்டில் கீறல்கள்.
ஒன்றல்ல, பத்துப் பதினைந்து,
ஒன்றின் மேல் ஒன்று.
அலமாரிகள், குளிர்ப்பெட்டிகள்,
ஒருவேளை ஒரு சவப்பெட்டி.
எல்லாமே இடுப்புயரத்தில் அல்ல,
என் தலைக்கும் மேலே.
எல்லாமே தொடங்கியது
நாங்கள் நின்ற இடத்தில் அல்ல,
மூன்று படி கீழே.

விளக்கு அணைந்தது.
மறுபடி தட்ட நெடுநேரம் தோன்றவில்லை.

காலையில் "கீழே இறக்கணும்" என்றேன்.
மல்காஸ் பார்த்த பார்வை இருக்கிறதே!
நேற்று உயிரைக் கொடுத்து ஏற்றிய படிகள்.
ஓத்தியாதான் முதலில் கயிற்றைப் பிடித்தான்.
மூன்று படி இறக்கி,
நெட்டுக்குத்தாக நிறுத்தினோம்.
உள்ளே இருந்த கம்பிகளெல்லாம் ஒரே சமயத்தில் முனகின,
தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஊர்போல.
திருப்பினோம்.
மீட்டருக்கும் அதற்கும் நடுவே
ஒரு தீக்குச்சிப் பெட்டி போகும் இடம்.

லமாரா காசை எண்ணித் தந்தாள்,
ஆலுபுக்காரா குழம்பு ஒரு புட்டி மேலதிகம்.
உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள்.
ஒரு கட்டை பேசவில்லை.
அந்த இடம் வரும்போதெல்லாம்
விரலைத் தூக்கித் தாண்டிக்கொண்டாள்,
தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து
பழைய கடிதத்தை முதலில் பிரித்தேன்.
தொகை நான் பயந்ததைவிடக் கொஞ்சம் பெரியது.
ஆனால் எந்த மாதம், எந்தத் தவணையில்
தொடங்கியது என்று அதில் எழுதியிருந்தது.
பென்சிலைத் தேடினேன்.

சட்டைத் தோளில் பச்சைத் தூள்.
அங்கே, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே,
மற்ற கீறல்களுக்கு ஒரு விரற்கடை மேலே
எங்களுடையது இருக்கிறது,
இன்னும் வெள்ளையாக.